நாலாவது பெட்டியில் இருந்த வைக்கோல்

நைனா,

இன்று மதியம் நம் வீட்டில் மறுபடியும் வைக்கோல் வாசனை வந்தது. முன்பு உன்னிடம் வேலை பார்த்த ஏழுமலை மாமா வந்திருந்தார். கையில் ஒரு சின்ன மரப்பெட்டி. அம்மா அதன் மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்ததும் மாம்பலகை வாசனையும் காய்ந்த வைக்கோல் வாசனையும் சேர்ந்து எழும்பின. உள்ளே ஆறு கண்ணாடி டம்ளர்கள். ஒன்றுகூட உடையவில்லை. அம்மா ஒரு டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "எதுக்கு ஏழுமல இதெல்லாம்?" என்றாள். அடுப்படியில் நின்றிருந்த நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். இந்த வாசனை வந்தாலே எனக்கு அப்படித்தான், இரண்டு வருடமாக.

இப்போது அம்மா தூங்கிவிட்டாள். சிம்னி விளக்கின் திரியை இறக்கி வைத்துக்கொண்டு விஞ்ஞான நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். அவள் புரண்டு படுக்கும்போதெல்லாம் நோட்டை மூடிவிடுகிறேன். அந்த ஓட்டலுக்கு நீ என்னை அழைத்துப் போனது அவளுக்கு இன்றுவரை தெரியாது. "அம்மா காதுல போட்டுறாத கண்ணு. வயசுக்கு வந்த பொண்ண ஓட்டல்ல டான்ஸ் பாக்க இட்டுக்கினு போனேன்னு என்ன ஊட்டுக்குள்ளயே சேக்க மாட்டா" என்றாய். நான் அவளிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டியதையும் சொல்லவில்லை. அதை இன்று எழுதிவிடுகிறேன். அந்த வைக்கோலை அடைத்தது நான்தான்.

அப்போது நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை அரை நாள் பள்ளிக்கூடம் முடிந்ததும் காக்களூரில் நீ மேஸ்திரியாக இருந்த பெட்டி கம்பெனிக்கு வந்துவிடுவேன். இயந்திர பாகங்களைக் கப்பலில் அனுப்ப மரப்பெட்டி செய்கிற இடம் அது. நீங்கள் பெட்டி அடிப்பீர்கள், நான் வைக்கோல் அடைப்பேன். மூடியில் ஆணி அறைந்த பிறகு நீ பெட்டியைப் பிடித்து ஆட்டி, காதை வைத்துக் கேட்பாய். "உள்ள இருக்கறது வாயத் தொறக்கக் கூடாது" என்பாய். ஒரு சின்ன 'லொட' கேட்டால்கூட மூடியைப் பிரித்து இன்னொரு கை வைக்கோல் வைக்கச் சொல்வாய். என் பெட்டியை நீ ஒரு தடவைகூடப் பிரித்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

ஒரு வாரம் வித்தியாசமான வேலை ஒன்று வந்தது. மவுண்ட் ரோடு பக்கத்தில் மாடியில் இருந்த ஒரு ஓட்டலுக்கு, எட்டடிக்கு எட்டடியில், ஒரு முழ உயரத்தில் ஒரு மேடை. வெளிநாட்டிலிருந்து ஆட வருகிறார்கள், சாப்பிடுகிறவர்களுக்கு நடுவே ஆடுவார்கள் என்றார்கள். மாடிப்படி குறுகல் என்பதால் நீ அதை நான்கு பெட்டிகளாகப் பிரித்துச் செய்தாய். மேலே பழைய தேக்குப் பலகை, பக்கங்களுக்கும் அடிக்கும் மாம்பலகை. சனிக்கிழமை நான் வந்தபோது நான்கும் குப்புறக் கிடந்தன. அடிப்பலகை மட்டும் பாக்கி. லாரி பேச நீ வெளியே போயிருந்தாய். ஏழுமலை மாமா ஆணியும் சுத்தியுமாக உட்கார்ந்திருந்தார்.

திறந்த பெட்டியைப் பார்த்ததும் என் கை தானாக வைக்கோல் குவியலுக்குப் போனது. ஆடுகிறவர்கள் குதிப்பார்கள், பக்கத்தில் சாப்பிடுகிறவர்களுக்குச் சத்தம் கேட்டால் உனக்குத்தான் கெட்ட பெயர் என்று நினைத்தேன். மூலை மூலையாகத் திணித்தேன்.

மாமா நிமிர்ந்து பார்த்தார். "இதுக்கு இன்னாத்துக்கும்மா வைக்கோலு? மேஸ்திரி சொன்னாரா?"

"சொன்னாரு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன், நைனா. நீ இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பாய் என்று நம்பினேன். சொல்லாததைச் சொன்னதாகச் சொல்கிறோம் என்பதே உறைக்கவில்லை. அவர் நான்கு பெட்டிக்கும் அடிப்பலகை வைத்து அறைந்து, ஆணி முனைகளை மடக்கிவிட்டார்.

அம்மா அன்று பழவேற்காட்டுக்கு, பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். என்னைத் தனியாக விட முடியாமல் நீ லாரியில் ஏற்றிக்கொண்டாய். ஓட்டலில் மேடையையும் நம் இருவரையும் இறக்கிவிட்டு, மற்றப் பெட்டிகளோடு மாமா துறைமுகத்துக்குப் போனார். திரும்பும்போது வந்து ஏற்றிக்கொள்வதாகப் பேச்சு.

அந்த மாடி நான் நினைத்ததைவிடச் சின்னது. பன்னிரண்டு மேசைகள்தான். நடுவில் மேசைகளை ஒதுக்கி இடம் விட்டிருந்தார்கள். நீயும் ஓட்டல் ஆட்களும் பெட்டிகளைச் சேர்த்து வைத்து, போல்ட் முடுக்கினீர்கள். மேலே ஏறி நீ நடந்து பார்த்தாய். அசையவில்லை. என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாய்.

அப்போதுதான் ஆடப்போகிற அம்மாள் வந்தாள். நான் சின்னப் பெண்ணை எதிர்பார்த்திருந்தேன். அவளுக்கு நம் அம்மா வயது இருக்கும். கண்ணோரம் சுருக்கம், இறுக்கிக் கட்டிய கொண்டை, கறுப்புச் செருப்பு. செருப்பின் குதிகாலில் வரிசையாகச் சின்ன ஆணிகள் அறைந்திருந்ததை நீ எனக்குக் காட்டினாய். மேடையில் ஏறி ஒரு காலைத் தூக்கிக் குதிகாலால் ஒரு அடி அடித்தாள்.

பொத்.

அவள் முகம் மாறியது. இன்னொரு பெட்டி மேல் அடித்தாள். பொத். மண்டியிட்டு, விரல் முட்டியால் பலகையைத் தட்டி, காதை வைத்துக் கேட்டாள். நீ பெட்டிக்குக் காது வைப்பாயே, அதே மாதிரி. பிறகு கூட வந்திருந்த கித்தார்க்காரப் பெரியவரைப் பார்த்து அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாள். ஓட்டல் மேனேஜர் ஓடி வந்தார்.

"இன்னாய்யா பண்ணி வச்சிருக்கற? அந்தம்மாவ தலகாணி மேல ஆடச் சொல்றியா? கால் சத்தம்தான்யா அவங்க ஆட்டமே! உள்ள வெத்தா இருக்கணும்னு எத்தினி தபா சொன்னேன் உங்கிட்ட?"

"வெத்தாதான் சார் இருக்குது."

"இதா வெத்து? ஏழு மணிக்குக் கஸ்டமர் வந்துருவாங்க. ஒங்க மொதலாளிக்கு இப்பவே போன் போடறேன். நாளைலேர்ந்து நீ பொட்டியும் அடிக்க வாணாம், ஒண்ணும் அடிக்க வாணாம்!"

நீ குனிந்து, இரண்டு பலகைகளின் இடுக்கில் நகத்தை விட்டு எதையோ இழுத்தாய். நீளமாக ஒரு வைக்கோல் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நீ நின்ற நிலை எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. நான் திரைச்சீலை ஓரம் நின்றிருந்தேன். நீ திரும்பி என்னைப் பார்ப்பதற்குள் தரையைப் பார்த்துவிட்டேன்.  வேலை போய்விட்டால் அம்மா என்ன செய்வாள், வீட்டு வாடகை என்ன ஆகும் என்று ஓடியது. அதைவிட, மாமா திரும்பி வந்ததும் "ஒம் பொண்ணுதான் சொன்னா" என்பார் என்று ஓடியது.

"என் தப்பு சார்" என்றாய் நீ. "பொட்டி அடிக்கற கை. பழக்கத்துல அடைச்சிட்டேன். ஒரு மணி நேரம் குடு, எடுத்துடறேன்."

யார் அடைத்தது என்று நீ யாரையும் கேட்கவில்லை. குறடை எடுத்து உட்கார்ந்துவிட்டாய்.

மாமா மடக்கிவிட்ட ஆணிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பிடுங்க வேண்டியிருந்தது. உன் சட்டை முதுகில் ஒட்டிப்போனது. நான் கோணியைப் பிடித்துக்கொண்டு வைக்கோலை அள்ளினேன். கித்தார்க்காரப் பெரியவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு எங்களோடு தரையில் உட்கார்ந்தார். ஒரு பிடி வைக்கோலை எடுத்து மூக்கருகில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிச் சிரித்தார். அவர்கள் ஊரிலும் வைக்கோல் இப்படித்தான் மணக்கும் போல.

மூன்று பெட்டி முடிந்தது. நாலாவதில் அடிப்பலகை விரிசல் விடத் தொடங்கியது. பிடுங்கினால் பிளந்துவிடும். மாடிப்படியில் சாப்பிட வருகிறவர்களின் செருப்புச் சத்தம் கேட்டது. "போதும்யா, கவுத்துப் போடு" என்று பல்லைக் கடித்தார் மேனேஜர்.

நீ அந்த அம்மாளைக் கைகாட்டிக் கூப்பிட்டாய். உனக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு உன் பாஷை தெரியாது. முதல் மூன்று பெட்டிகளையும் விரல் முட்டியால் தட்டினாய். டொக், டொக், டொக். நாலாவதை உள்ளங்கையால் அடித்தாய். பொத். பிறகு தலையில் கையை வைத்துக்கொண்டு, செத்தேன் என்பது போல் நாக்கைக் கொஞ்சம் நீட்டினாய். அவள் உன்னையே பார்த்தாள். சிரிக்கவில்லை. தானும் குனிந்து அதே மாதிரி மூன்று டொக்கும் ஒரு பொத்தும் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

பலகை ஆடினால் சரிசெய்ய ஆள் வேண்டும் என்று நம்மைச் சமையலறைக் கதவோரம் நிற்க வைத்தார்கள். அதனால்தான் அந்த ஆட்டத்தைப் பார்த்தோம்.

முதலில் அவர்களோடு வந்த பாட்டுக்காரர் மட்டும் பாடினார். அது பாட்டா அழுகையா என்று தெரியவில்லை. தொண்டை கிழிந்து வருவது போல ஒரு குரல். "எழவு ஊடு மாரி இருக்குதே" என்று என் காதில் சொன்னாய். பிறகு கித்தார். பிறகு கைத்தட்டல், ஆனால் நாம் தட்டுவது போல இல்லை. காய்ந்த சுள்ளி முறிவது போல, ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர். அவள் சிவப்புப் பாவாடையில் வந்து அசையாமல் நின்றாள். முட்கரண்டிகள் ஒவ்வொன்றாகத் தட்டில் இறங்கின. நமக்கும் அவளுக்கும் நடுவே மூன்று கஜம்கூட இல்லை. கழுத்து நரம்பு துடிப்பது தெரிந்தது.

திடீரென்று கால். மழை தகரத்தில் இறங்குவது போல அந்தக் குதிகால்கள் நீ செய்த பலகையில் இறங்கின. மேசை மேல் இருந்த தண்ணீர் நடுங்கியது. என் நெஞ்சுக்குள்ளேயே அடித்தது. அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

"யார் மேலயோ கோவம் போல" என்றாய்.

"யாரு மேல நைனா?"

"நம்ம மேலதான். வைக்கோலு வச்சோமில்ல?"

நீ சிரித்தாய். 'வச்சோம்' என்றாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கணத்திலேயே சொல்லியிருக்கலாம், நைனா. உன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தேன். அப்போது அவள் நாலாவது பெட்டிக்கு வந்துவிட்டாள்.

அதுவரை அந்த மூலையை மிதிக்காமலே ஆடிக்கொண்டிருந்தவள், வேண்டுமென்றே அதில் போய் நின்றாள். கித்தார் நின்றது. கால்கள் மட்டும் அதே வேகத்தில் ஓடின. ஆனால் சத்தம் இல்லை. பொதபொதவென்று, தூரத்தில் யாரோ ஓடுவது போல. மேசைகளில் இருந்தவர்கள் கேட்பதற்காக முன்னால் சாய்ந்தார்கள்.  பிறகு ஒரே எட்டில் அடுத்த பெட்டிக்குத் தாவினாள். டொக்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓட்டலே எழுந்து நின்று கத்தியது. நீயும் கத்தினாய்.

லாரியில் ஏறியதும் நான் தூங்கிவிட்டேன். தூங்குவது போல நடிக்கத்தான் கண்ணை மூடினேன். பயந்த அலுப்பில் நிஜமாகவே தூங்கிப்போனேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைத் தின்றது. உன் வேலை போகவில்லை. ஆனால் மூன்று வாரத்தில் ஏழுமலை மாமா கம்பெனியை விட்டுப் போய்விட்டார். யாரும் காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வைக்கோல் அடைத்த பழி அவர் மேல் விழுந்துவிட்டது, என் ஒரு சொல்லால் ஒரு மனிதரின் வேலை போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டேன். நீ இரண்டு மூன்று தடவை, "கண்ணு, அந்த ஓட்டலு இல்ல..." என்று ஆரம்பித்தாய். நான் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டேன். ஒரு தடவை, குடம் நிறைந்திருக்கும்போதே போனேன். நீ அதைப் பார்த்தாய்.

ஓட்டலுக்குப் போன மறுநாள் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீ வேலை முடிந்து வந்து கதவைத் தட்டுவதும் மாறிப்போனது. விரல் முட்டியால் மூன்று, பிறகு உள்ளங்கையால் ஒன்று. டொக், டொக், டொக். பொத். அம்மா, "இன்னா இது புதுசா, குடுகுடுப்பக்காரன் மாரி?" என்பாள். ஒவ்வொரு நாளும் அந்த நாலாவது தட்டுக்குத்தான் பயந்தேன். 'எனக்குத் தெரியும், நீயே சொல்' என்று நீ கேட்பதாக நினைத்தேன். தாழ்ப்பாளைத் திறந்துவிட்டு உன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே ஓடிவிடுவேன். ஐப்பசியில் உனக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்தபோது, கண்ணெல்லாம் மஞ்சளாகக் கிடந்தபோது, சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். சொல்லவில்லை.

இன்று மாமா வந்ததும் அதனால்தான் அடுப்படியில் ஒளிந்துகொண்டேன். நீ போன செய்தியே அவருக்குப் போன வாரம்தான் தெரிந்ததாம். அம்மா அழுதாள், அவரும் அழுதார். பிறகு அம்மா டீ போடப் பக்கத்து வீட்டில் பால் வாங்கப் போனாள். நான் வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 

"மாமா, உங்கள வேலைய உட்டு நிறுத்தினது... அதனாலதானே?"

"எத்தனால?"

"அந்த வைக்கோலு. நைனா சொன்னாருன்னு நான் பொய் சொன்னேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், நைனா. எழவு விசாரிக்க வந்த வீடு என்று நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்ன யாரும்மா நிறுத்தினது? கும்மிடிப்பூண்டில இரும்புக் கம்பெனில ஆள் எடுத்தாங்க. மேஸ்திரிதான் 'போடா, கூலி ஜாஸ்தி, பொண்டாட்டி புள்ளத்தாச்சியா கீறா, இங்க குந்திக்கினு இன்னா பண்ணப்போற'ன்னு தொரத்தி உட்டாரு."

"அப்போ நைனாவுக்கு..."

"அன்னிக்கே தெரியும். லாரியில ஏறினதும் கேட்டாரு, 'எவன்டா வைக்கோலு வச்சது?'ன்னு. நான், 'நீதான் சொன்னியாமே மேஸ்திரி, ஒம் பொண்ணு சொல்லுச்சே'ன்னேன். நீ அவரு மடியில தலைய வச்சிக்கினு தூங்கிக்கினு இருந்த. ஒன்னிய ஒரு பார்வ பாத்தாரு. அப்பறம் சிரிச்சாரு பாரு, பூந்தமல்லி தாண்டற வரைக்கும் சிரிச்சாரு. 'எம் பொண்ணு பொட்டி பிரிச்சி நான் பாத்ததே இல்லடா. இன்னிக்குத்தான் பிரிச்சேன். மூலைல ஒரு சந்து இல்லாம அடைச்சிருக்கறாடா'ன்னு."

நான் தூணை விட்டுவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"இன்னொண்ணு தெரியுமா? மறுநாள் ஞாயித்துக்கிழம, அந்த நாலாவது பொட்டிய சரி பண்ண ரெண்டு பேரும் போனோம். அந்தம்மா உட்டாதானே! கொறட எடுத்ததும் ஓடியாந்து அந்த மூலைலயே குந்திக்கினா. எழுந்துக்கவே மாட்டேன்னுட்டா. மேனேஜரு கெஞ்சறாரு, ஹூஹும். அத அப்படியே உடுன்னு கையால சொல்றா. கெளம்பறப்ப மேஸ்திரி கதவாண்ட வந்து மூணு டொக்கு, ஒரு பொத்து தட்னாரு. அவ அங்கேர்ந்தே தட்றா. சின்னப் பசங்க மாரி ரெண்டு பேரும். வர்ற வழியெல்லாம், 'ஊட்டுக்குப் போயி எம் பொண்ணுக்கு இத சொல்லணும்டா'ன்னுக்கினே வந்தாரு. சொல்லலியா?"

"சொல்ல வந்தாரு மாமா" என்றேன். "நான்தான் தண்ணிக்குப் போயிட்டேன்."

அம்மா பாலோடு வந்துவிட்டாள். மாமா கொண்டுவந்த டம்ளர்களிலேயே டீ குடித்தோம். என் முகத்தைப் பார்த்து, "இன்னாடி, நல்லாத்தானே இருக்கற?" என்று கேட்டாள். நல்லாத்தான் இருக்கேன் என்றேன். பொய் இல்லை. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்த வைக்கோலைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ஆக, நீ தினமும் கதவைத் தட்டியது என்னைக் கேட்பதற்காக இல்லை. குடத்தோடு ஓடுகிறவளிடம் வாயால் சொல்ல முடியாததைக் கதவில் சொன்னாய். நான் தாழ்ப்பாளைத் திறந்து திறந்து, கேட்காமலே விட்டேன். அதை நினைத்தால் அழுகை வருகிறது. ஆனால் பயம் வரவில்லை, நைனா. இவ்வளவு நாள் பயம் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை, வெற்றாக இருக்கிறது. அந்தத் தட்டுகளை எல்லாம் இப்போதுதான் ஒவ்வொன்றாகக் கேட்கிறேன்.

அம்மாவிடமும் நாளைக்குச் சொல்லிவிடுவேன். திட்டுவாள். உன்னையும் சேர்த்துத் திட்டுவாள். திட்டட்டும், உன்னைத் திட்டி அவளுக்கும் ரொம்ப நாளாகிறது.

மேலே உள்ள வரியை எழுதிவிட்டு, டம்ளர் வந்த பெட்டியின் மூடியில் மெதுவாகத் தட்டிப் பார்த்தேன். விரல் முட்டியால் மூன்று, உள்ளங்கையால் ஒன்று. மெதுவாகத்தான் தட்டினேன். அம்மா தூக்கத்திலேயே புரண்டாள்.

"தாப்பாளத் தொறடி. வந்துட்டாரு பாரு" என்றாள்.

இந்தத் தடவை நான் நோட்டை மூடவில்லை.